பதினொரு காற்றுத் துவக்குகளும் ஒரு கொப்பியும்

 

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். மேசையில் விரித்த பச்சைத் துணியின் மேல் ஒரு பழைய வெப்லி காற்றுப் பிஸ்டல். பேர்மிங்ஹாமில் செய்தது. "என் சேகரிப்பில் பதினொன்றாவது" என்று மட்டும் எழுதியிருந்தேன். வழக்கமாக நான் போடும் வெண்டிக்காய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் நாற்பது பேர் விருப்பம் போடுவீர்கள். இதற்கு ஆறு பேர்தான். ஆனால் தொலைபேசி மட்டும் இரண்டு நாள் ஓயவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன், "மாமா, வயது போன நேரத்தில உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று கேட்டான். அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பாரிசில் இருக்கும் ஒரு பழைய மாணவன் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தான்: "சேர், நாங்கள் எல்லாரும் உதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீங்களுமா?"

அந்த வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அவனுக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, இது எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விசயம் என்று பட்டது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காற்றுப் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. உள்ளே ஒரு உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனைத் தள்ள ஒரு பலமான சுருள்வில். கையால் சுருள்வில்லை அமுக்கி வைக்கிறோம். விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ள, முன்னால் இருக்கும் காற்று கணப்பொழுதில் நெருக்கப்பட்டு ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போய் ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. சன்னம் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கி இருக்கும். நிறை ஏறக்குறைய அரைக் கிராம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அமுக்கச் சொல்லி, பம்பு சுடுகிறதா என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? போயிலின் விதி படித்த கையோடு, விரைவாக அமுக்கினால் வெப்பம் வெளியேற நேரம் கிடைக்காது என்று சொன்னேனே, அதே பாடம்தான் இந்த உருளைக்குள்ளும் நடக்கிறது. பம்பும் பிஸ்டலும் ஒரே பௌதிகம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 6 அடி-இறாத்தல், அதாவது ஏறக்குறைய 8 ஜூல் சக்திக்கு உட்பட்ட காற்றுப் பிஸ்டலை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதற்கு மேல் போனால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். என்னிடம் இருக்கும் பழையவை அந்த எல்லைக்கு நன்றாகக் கீழேதான் நிற்கின்றன. இராணுவக் கைத்துப்பாக்கியின் சன்னம் ஏறக்குறைய 500 ஜூலோடு போகும் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும். அதற்காக இது விளையாட்டுப் பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். 8 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். இந்த நாட்டில் காற்றுத் துவக்கால் பிள்ளைகள் இறந்தும் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் நாங்கள் பேர்மிங்ஹாமில் இந்த வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு வயதான ஆங்கிலேயர் இருந்தார். ஓய்வுபெற்ற கடைசல் வேலைக்காரர். மதிலுக்கு மேலால் கதைத்து, கறிவேப்பிலைக்குப் பதிலாகத் தக்காளி வாங்கி, மெல்ல மெல்லப் பழக்கமானோம். ஒருநாள் தன் கொட்டிலுக்குக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு வெப்லி ஜூனியர். அவருடைய தகப்பன் வாங்கிக் கொடுத்ததாம். அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துணியில் அடுக்கி, "இது என் ஊரில் செய்தது" என்றார்.

அந்தச் சொல்லில் இருந்த பெருமையை நான் அறிவேன். நாங்களும் சின்ன வயதில் மூங்கில் குழலுக்குள் நனைத்த கடதாசி உருண்டையை அடைத்து, குச்சியால் தள்ளி "பட்" என்று வெடிக்க வைத்தவர்கள்தானே. முன்னுக்கு ஒரு உருண்டை, பின்னுக்கு ஒரு உருண்டை, நடுவில் அகப்பட்ட காற்று. அவருடைய ஜூனியரும் எங்கள் மூங்கில் குழலும் தூரத்து உறவு என்று அவருக்குச் சொன்னேன். மனிதர் மகிழ்ந்து போனார். சில ஆண்டுகளில் அவர் காலமானார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். என் சேகரிப்பின் முதலாவது பொருள் அதுதான். நான் அதைத் தேடி வாங்கவில்லை. அது என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். வெப்லி என்பது சாதாரணப் பெயரல்ல. 1887 முதல் பிரித்தானிய இராணுவத்துக்குச் சுழல் துப்பாக்கி செய்து கொடுத்த கம்பனி. முதலாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவத்தின் தேவை சுருங்கியது. 1920இல் வந்த ஆயுதச் சட்டத்தின்படி, சாதாரண மனிதர் பிஸ்டல் வைத்திருக்கப் பொலிசில் சான்றிதழ் எடுக்க வேண்டி வந்தது. காற்றுத் துவக்குகளுக்கு அந்தச் சட்டம் பெரும்பாலும் பொருந்தவில்லை. 1924இல் வெப்லி அன்ட் ஸ்கொட் தன் முதலாவது காற்றுப் பிஸ்டலான மார்க் 1ஐ விற்பனைக்கு விட்டது. பிறகு 1929இல் மலிவான ஜூனியர், 1930இல் சீனியர்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மார்க் 1இன் குழல், உருளைக்கு மேலே முதுகில் ஏறிய பிள்ளை மாதிரிக் கிடக்கும். குழலின் பின்முனையை விடுவித்து மேலே தூக்கி முன்பக்கம் வளைத்தால் பிஸ்டன் முன்னோக்கி இழுபட்டுச் சுருள்வில் அமுங்கும். சுடும்போது பிஸ்டன் எங்கள் கையை நோக்கிப் பின்னால் வரும். காற்றோ பின்முனையில் திரும்பி மேலேறிக் குழல் வழியாக முன்னால் போகும். இதனால் சின்னப் பிஸ்டலுக்குள்ளேயே நீளமான குழலை வைக்க முடிந்தது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு நல்ல மாணவனாக இருந்திருக்க வேண்டும். இருக்கிற இடத்துக்குள் கணக்கைச் செய்து முடித்திருக்கிறார். இந்த அடிப்படை அமைப்பு 1979இல் வந்த ரெம்பெஸ்ட் வரை மாறவில்லை. ஐம்பத்தைந்து வருடம்!

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

சேகரிப்பு என்று ஒன்று தொடங்குகிறவர் முதலில் போட வேண்டியது வேலி. காசு, இடம், ஆசை மூன்றுக்கும் எல்லை போடாத சேகரிப்பு பழைய சாமான் கடையாகப் போய் முடியும். முத்திரை சேர்க்கிறவருக்கு அதனால் பெரிய கேடில்லை. துவக்கு மாதிரி ஒன்றைச் சேர்க்கிறவருக்கு வேலி கட்டாயம் வேண்டும். "எனக்குத் துவக்குகள் பிடிக்கும்" என்று தொடங்கிய மனிதர் எங்கே போய் நிற்பார் என்று அவருக்கே தெரியாது.

என் வேலி நாலு வரி. பேர்மிங்ஹாமில் செய்ததாக இருக்க வேண்டும். சுருள்வில்லால் இயங்குவதாக இருக்க வேண்டும். 1924க்கும் 1979க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். நாலாவது, போர்த் துவக்கின் நகலாக இருக்கக் கூடாது.

நாலாவதை விளக்க வேண்டும். இப்போது கடைகளில் வாயுக் குப்பி போட்டுச் சுடும் பிஸ்டல்கள் ஏராளம். இராணுவங்களும் பொலிசும் பாவிக்கும் பிஸ்டல்களை நிறம், நிறை, எழுத்து எல்லாம் அப்படியே வார்த்துச் செய்கிறார்கள். சேகரிப்பவர்கள் பலர் அவற்றை வரிசையாக வாங்குகிறார்கள். அது அவர்கள் விருப்பம். என் வீட்டுக்குள் அவை வரக்கூடாது. ஒரு பொருள் என்ன செய்கிறது என்பதற்காக அல்லாமல், எதை நினைவூட்டுகிறது என்பதற்காகவே செய்யப்பட்டிருந்தால், எனக்கு அந்த நினைவூட்டல் தேவையில்லை. என்னிடம் அது தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது.

என் பதினொன்றும் இவைதான்: மார்க் 1 இரண்டு; ஜூனியர் இரண்டு, ஒன்று போருக்கு முந்திய தகரப் பிடி வைத்தது, மற்றது போருக்குப் பிந்தியது; சீனியர் இரண்டு; 1964இல் வந்த பிரிமியர் வகையில் இரண்டு; ஹரிகேன் ஒன்று; ரெம்பெஸ்ட் ஒன்று; பேர்மிங்ஹாமின் இன்னொரு கம்பனியான அக்கிள்ஸ் அன்ட் ஷெல்வோக், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்த அக்வோக் ஒன்று. அதே கம்பனி 1930களின் தொடக்கத்தில் செய்த வாரியர் என்ற பிஸ்டல் என்னிடம் இல்லை. ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. விலையைக் கேட்டுவிட்டு, அது போர்வீரனாகவே இருந்துகொள்ளட்டும், நான் ஓய்வூதியக்காரன் என்று திரும்பி வந்துவிட்டேன்.

விலை பற்றிச் சொல்லும்போது ஒரு கதை. 1963இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தின் விளம்பரங்களில் ஷோன் கொனறி பிஸ்டலை முகத்துக்கு அருகே பிடித்தபடி நிற்பார். உலகம் முழுவதும் பார்த்த படம். அவர் கையில் இருப்பது வோல்தர் எல்பி 53 என்ற காற்றுப் பிஸ்டல்! படம் எடுத்த அன்று கதைக்குரிய பிஸ்டலை ஒருவரும் கொண்டுவரவில்லை. புகைப்படக்காரர் தான் இலக்குச் சுடப் பாவிக்கும் சொந்தப் பிஸ்டலைக் கொடுத்துச் சமாளித்தார். 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தப் பிஸ்டல் 2,77,250 பவுணுக்கு விலை போனது. அதே வகை எல்பி 53ஐச் சாதாரணமாக ஒருவரிடம் வாங்கினால் சில நூறு பவுண்தான். இரும்பு ஒன்றுதான், விலை கதைக்குக் கொடுத்தது. இதில் சேகரிப்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. கதை எழுதி வைக்கப்படாவிட்டால் பொருள் வெறும் இரும்பு.

என் பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தன் பிழையைச் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். என் நாலாவது பிஸ்டல் ஒரு சீனியர். விற்றவர் துணியை விலக்கியபோது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. "போருக்கு முந்தியது, ஒருநாளும் பாவிக்காதது" என்றார். இரண்டு மாத ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததைக் கொடுத்து வாங்கினேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பக்கத்தில் பொறித்திருந்த எழுத்துகளின் ஓரங்கள் தேய்ந்து, சோப்புக் கட்டியில் எழுதிய பெயர் மாதிரி மழுங்கியிருந்தன. துருவையும் பள்ளங்களையும் அராவிவிட்டுப் புதிதாக நீலக்கறுப்புப் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருந்தன. பிடி வேறொரு பிஸ்டலுடையது.

விற்றவரில் கொஞ்சம் கோபம் வந்தது. என்னில்தான் கூடுதலாக வந்தது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அந்தச் சீனியரை விற்கவில்லை. என் பிழைக்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன்.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பழைய உருக்கில் கையின் வியர்வை பட்டு மண்ணிறமாகிப்போன இடங்கள் குறையல்ல. குழலின் நடுவில் பூச்சுத் தேய்ந்திருந்தால், யாரோ ஒரு பையன் அந்த இடத்தைப் பிடித்து ஆயிரம் முறை வளைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதை அழித்துவிட்டால் அந்தப் பையனையே அழித்ததாகும். துரு பரவாமல் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள், அது போதும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, திருகாணித் தலை சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டி கிடைத்தால் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். சன்னம் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள். முன்னால் தடை இல்லாவிட்டால் பிஸ்டன் போய் மோதிப் பழுதாகும். சுருள்வில்லை அமுக்கியபடி ஒருபோதும் வைக்காதீர்கள். தோலுறைக்குள்ளும் பஞ்சுப் பெட்டிக்குள்ளும் நீண்டநாள் பூட்டி வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவைக் கூப்பிடும்.

அடுத்தது கொப்பி. நூறு பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் நாலு பக்கம். தொடர் இலக்கம், பொறித்த எழுத்துகள், எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினேன், முந்திய சொந்தக்காரர் சொன்ன கதை. ஜூனியரின் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவற்றை நினைவில் இருந்தபடி எழுதியிருக்கிறேன். பதினொரு பிஸ்டலையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போனால்கூட நான் அழ மாட்டேன். கொப்பி போனால் அழுவேன்.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் பிஸ்டல் எதுவும் இல்லை. பேர்மிங்ஹாமைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த நகரத்தின் துவக்குத் தொழில் வட்டாரம் ஸ்டீல்ஹவுஸ் வீதியை ஒட்டி இருந்தது. வெப்லியின் பழைய பட்டறை இருந்த வீமன் வீதியும் அங்கேதான். துவக்குக் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையம் 1813இல் சட்டப்படி அமைந்தது, இன்றும் நடக்கிறது. அதே வட்டாரத்தில் செய்த துவக்குகள் அடிமை வியாபாரத்துக்காக மேற்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறின. மனிதரை வாங்கக் கொடுத்த பண்டங்களில் பேர்மிங்ஹாம் துவக்கும் ஒன்று. இதை எழுதாமல் "என்ன அருமையான வேலைப்பாடு" என்று மட்டும் எழுதினால் அந்தக் கொப்பி பொய்க் கொப்பியாகிவிடும். சேகரிப்பவர் தன் பொருளின் நல்ல கதையை மட்டும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

இனி பாரிஸ் மாணவனுக்கு வருகிறேன்.

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. அதே கேள்வியை உனக்கு முதல் என் வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டார், வார்த்தை இல்லாமல். ஜூனியர் வந்த புதிதில், இரவு சமையலறை மேசையில் வைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழலைத் திருப்பி மூடினேன். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கழுவு தொட்டியடியில் நின்ற மனைவியின் கை அப்படியே நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இஞ்சாருங்கோ, உந்தச் சத்தம் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றா. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளே எல்லாவற்றையும் தோட்டத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் இரும்பு அலுமாரியில் பூட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக்குள் ஒன்றும் வந்ததில்லை. சுவரில் மாட்டியதில்லை. விருந்தாளிக்குக் காட்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்ததும் கொட்டிலில்தான்.

ஆனால் அந்தப் படத்தை உங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்குள்ளும் அனுப்பினேன். உன் சமையலறைக்குள்ளும் அனுப்பினேன். மனைவிக்குக் கொடுத்த மரியாதையை உனக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். படத்தை எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

அதே நேரம், சேகரிப்பை விடச் சொன்னால் விட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

போர் ஒன்று முடிந்த பிறகு, துவக்குச் செய்த கைகள் என்ன செய்கின்றன என்ற கேள்வி எனக்கு முக்கியமானது. இராணுவத்துக்கு வேலை செய்த ஒரு கம்பனி, ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு, கடதாசியில் ஓட்டை போடுவதற்கு ஒரு சாமான் செய்தது. அதே கவனத்தோடு, அதே முத்திரையோடு செய்தது. நான் இதைப் பெரிதாக்க விரும்பவில்லை. அவர்கள் இலாபத்துக்குத்தான் செய்தார்கள். உண்மையான துவக்கையும் விடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி இராணுவத்துக்குச் செய்தார்கள். ஆனாலும் 1979இல் அந்தக் கம்பனி வெடிமருந்துத் துவக்குகள் செய்வதை நிறுத்தியது. அதன் பிறகு காற்றுத் துவக்கு மட்டும்தான். 2005 கடைசியில் பேர்மிங்ஹாமில் அதுவும் மூடப்பட்டது. என் வேலி 1979இல் முடிவதற்குக் காரணம் அந்த ஆண்டுதான்.

இன்னொரு காரணம் உண்டு. துவக்கு என்றால் எனக்கும் உனக்கும் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. கையில் வைத்திருப்பவர் பெரியவர், எதிரில் நிற்பவர் சின்னவர். அந்தக் கொட்டிலில் முதல் தடவையாக ஒரு மனிதர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றித் துணியில் அடுக்கியதைப் பார்த்தேன். வில், பிஸ்டன், வளையம், ஆணி, திருகாணி. அடுக்கி முடிந்ததும் அங்கே துவக்கு இல்லை. பௌதிகம் இருந்தது. என் பயம் அதனால் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்த பொருளை விளங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று அன்று தோன்றியது. விளங்கிக்கொள்வது என் தொழில். ஓய்வு கிடைத்தது சம்பளத்துக்குத்தான்.

எல்லோரும் அப்படி உணர வேண்டும் என்றில்லை. என் மனைவி உணரவில்லை. அவவுக்கு அந்த உரிமை தேவையில்லை, சத்தம் இல்லாத வீடு தேவை. இரண்டும் நியாயம். ஒரே வளவுக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, நடுவில் ஒரு பூட்டும் முப்பது அடி புல்லும் இருந்தால் போதும்.

சட்டம் பற்றி இரண்டு வரி, குறிப்பாக இந்த நாட்டில் இருக்கும் இளம் உறவுகளுக்கு. காற்றுத் துவக்கு வைத்திருப்பவர், 18 வயதுக்குக் குறைந்தவர் கையில் அது போகாமல் தகுந்த முன்னேற்பாடு செய்ய வேண்டும். 2011 முதல் அது சட்டக் கடமை. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டு திரிவது குற்றம். ஸ்கொட்லாந்தில் 2016 கடைசி முதல் தனிச் சான்றிதழ் வேண்டும். கிளாஸ்கோவில் இருப்பவர்கள் கவனியுங்கள். அவுஸ்திரேலியாவில் காற்றுப் பிஸ்டலும் கைத்துப்பாக்கிக் கணக்குத்தான். எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. எனக்கு இந்த ஆவணியில் எழுபத்தாறு முடிகிறது. சேகரிப்பவர்களில் பலர் செய்யும் பெரிய தவறு, தாங்கள் இருப்போம் என்றே நினைத்துக்கொண்டு சேர்ப்பது. மனிதர் போன பிறகு பிள்ளைகள் ஒரு அலுமாரியைத் திறந்து திகைத்து நிற்பார்கள். சிலர் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். காற்றுத் துவக்கைக் குப்பையில் போட்டால் அது யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜூனியர் முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் பேரனிடம் போக வேண்டும். அவர் வளர்ந்தவர், கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். மற்றவற்றை இந்த நகரத்து நூதனசாலை ஒன்றிடம் கொப்பியோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால், இதை முறையாகச் சேகரிக்கும் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும், பிரிக்காமல். அதுவும் நடக்காவிட்டால் பொலிஸ் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஒப்படைக்கலாம். என் பிள்ளைகள் யாரும் இதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. என் ஆசை அவர்களுக்குச் சுமையாகக் கூடாது.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் கொட்டிலுக்கு வந்து, "அப்பப்பா, நான் ஒன்றைச் சுடலாமா?" என்று கேட்டான். "இப்ப இல்லை. முதல்ல ஒரு பக்கம் எழுது" என்று கொப்பியைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து ஹரிகேனில் பொறித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினான். தமிழில் எழுதச் சொன்னேன். "சுருள்வில்" என்பதற்கு எந்த "ல்" என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் போனது. சுடுவதைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம். கேட்டால் அவனுடைய அப்பா அம்மா இருவரும் சம்மதித்த பிறகுதான், அதற்கென்று உள்ள கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

இதுதான் என் விளக்கம். ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். உங்கள் வீடுகளிலும் தகப்பனாருடைய மணிக்கூடோ, அம்மாவுடைய பாக்குவெட்டியோ, பழைய வானொலிப் பெட்டியோ இருக்கும். இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி, அது யாருடையது, எப்படி வந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பாரிஸ் தம்பி, நீ கோடையில் இங்கே வருவதாகச் சொன்னாய். வா. கொட்டிலின் திறப்பை எடுக்க மாட்டேன். தேத்தண்ணி குடித்து, கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். கொப்பியைப் பார்க்க வேண்டும் என்று நீயாகக் கேட்டால் மட்டும் எடுத்து வருகிறேன்.

மற்றவர்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சேர்